கொட்டைப்பாக்கும் என் வலது காதும்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் சக்கரம் தட்டுபவன். சுத்தியலால் தட்டினால் நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மழுங்கலாகச் சத்தம் போடும். எனக்குக் காதுதான் சோறு போட்டது. அந்த வலது காது ஒருநாள் அடைத்துக்கொண்டு இரைய ஆரம்பித்தது.

"செவிடனை வச்சிக்க மாட்டானுங்க லா. சயாமுக்கு ரயில் பாதை போட ஏத்திடுவானுங்க," என்றார் எங்களுக்கு மேஸ்திரியான மண்டோர். போனவர்கள் திரும்பாத இடம் அது.

என் மனைவி பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றி ஊற்றித் தலையணை நனைந்ததுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பக்கத்து வீட்டு மிஸ்ஸி என் காதுக்கு முன்னால் விரலை வைத்து, "வாயைத் திறங்கண்ணே," என்றார். தாடை மூட்டு களுக்கென்றது. வலியில் கத்திவிட்டேன்.

"கோளாறு தாடையிலதான், காதுல இல்ல. அப்படி என்னத்த மெல்லுறீங்க?"

பசியை மறக்க நாள் முழுக்கக் கொட்டைப்பாக்கு மென்றுகொண்டிருந்தேன்.

பாக்கை விட்டேன். கஞ்சி குடித்தேன், தாடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இரைச்சல் மெல்ல அடங்கியது. மண்டோர் என் காதைச் சோதிக்க வந்த காலையில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போய் ஒரு சக்கரத்தருகே நின்றேன்.

"இது விரிசல்!"

அவர் கிரீஸைத் துடைத்துப் பார்த்தார். மயிரிழையாய் ஓடியிருந்தது. "உனக்குச் சயாம் இல்லடா!" என்று முதுகில் ஓங்கி அறைந்தார்.

இன்றும் யாராவது காது அடைக்கிறது என்றால், எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறேன்.