கிட்டங்கியைக் காலி செய்யாத வெங்கடேஸ்வரி

இராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகும் சாலையில், விஜயபாண்டியின் பேண்டேஜ் கம்பெனிக்குப் பின்னால், ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி இருக்கிறது. அதில் பஞ்சு இருந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் கைப்பிள்ளைகளும் நடை பழகியவர்களும் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டபின் பெரியவர்கள் வந்து சேருவார்கள். பெரியவர்கள் என்றால் ஐந்தாம் வகுப்பு வரை. இந்தக் கூட்டத்தை நடத்தும் வெங்கடேஸ்வரிக்கு ஊரில் டீச்சர் என்று பெயர். அவர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததாக இதுவரை புகார் இல்லை.

புகார் அதற்கு நேர்மாறானது. அந்தக் கம்பெனியில் பேண்டேஜ் சுற்றும் மாரிசெல்வி ஒருநாள் கேட்டேவிட்டாள். அவளுக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு மகன், தூளியில் ஒரு மகள், இருவரும் கிட்டங்கியில்தான்.

"டீச்சர், சாயந்திரம் வாரவன நாலு எழுத்து எழுத வச்சா என்ன? சும்மா ஓட விடுதிய?"

"காலையில இருந்து எழுதிட்டுத்தான வாரான். ஒன்னைய ஷிப்டு விட்ட பொறவு பக்கத்துக் கம்பெனிக்கு அனுப்பட்டுமா? போறியா?"

"ஆத்தி!"

"அவனுக்கும் ஆத்திதான்."

வெங்கடேஸ்வரி மகாராஜபுரத்துக்காரர். அண்ணன்மார் இருவரும் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போனார்கள். இவரும் போலீசுக்குப் போகத்தான் ஆசைப்பட்டார். உயரம் ஒரு விரற்கடை குறைந்தது. அளந்தவரிடம், "திருடன் என்ன உயரம் பாத்தா ஓடுவான்?" என்று கேட்டுவிட்டு வந்தார். பிறகு பட்டாளத்துக்காரரான பாண்டிதுரையைக் கட்டிக்கொண்டு அம்பாலாவுக்குப் போனார். அங்கே சிப்பாய்களின் மனைவிமார் சேர்ந்து நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் முதலில் உதவிக்கு நின்றார். ஊர் மாற்றல் வருவதற்குள் அதை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் அந்த வீட்டில் பாண்டிதுரை சமைக்கிறார். படை நடத்துவது மனைவி.

கிட்டங்கியைக் கொடுத்தது பாண்டிதுரையின் சித்தப்பா. கம்பெனியைத் தொடங்கியவர் அவர். "சும்மா கெடக்கு, வச்சுக்கோத்தா" என்று ஒரு வரியில் கொடுத்தார். அந்த ஒரு வரியை அவர் மகன் விஜயபாண்டி சொத்துக்களோடு சேர்த்துப் பெற்றுக்கொள்ளவில்லை.

கிட்டங்கிக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது தூளிகள். கூரையின் தேக்கு உத்தரங்களிலிருந்து வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றும் அந்தந்தப் பிள்ளையின் தாய் உடுத்திக் கழித்த சேலை. புதுச் சேலை ஆகாது, துவைத்து இஸ்திரி போட்டதும் ஆகாது. தாயின் வாடை இருந்தால்தான் பிள்ளை கண்ணை மூடும் என்பது வெங்கடேஸ்வரியின் கட்சி. முடிச்சுகள் பாண்டிதுரையுடையவை. ஒவ்வொரு கயிற்றிலும் அந்தப் பெரிய மனிதர் தானே தொங்கிப் பார்த்த பிறகுதான் பிள்ளையைப் போட அனுமதி.

தூளி ஆட்டுவது பெரிய பிள்ளைகளின் வேலை. சும்மா ஆட்டினால் அவர்களுக்குச் சலிப்பு. அதனால் ஆட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வார்கள். படிப்பே கிடையாது என்று அடம்பிடிக்கும் இடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். அதைப் பாராட்டினால் வெங்கடேஸ்வரிக்குக் கோபம் வரும். "அது படிப்பு இல்ல, தாலாட்டு" என்பார். ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டி விழித்திருந்த பிள்ளை அங்கே கிடையாது.

ஒரே சங்கடம், ஆறு மணிக்கு விஜயபாண்டியின் ஆள் வந்து கிட்டங்கிக்குப் போகும் பின்வாசலைப் பூட்டிவிடுவார். ஆனால் இரண்டாம் ஷிப்டுப் பெண்கள் வேலை முடிந்து வர அதற்குப் பிறகும் வெகுநேரம் ஆகும். அந்தப் பிள்ளைகளை வரிசை கட்டி வெங்கடேஸ்வரி தன் வீட்டுக்கு நடத்திப்போவார். கைப்பிள்ளைகள் இடுப்பிலும் தோளிலும். பாண்டிதுரை அத்தனை பேருக்கும் தோசை வார்ப்பார்.

மார்கழியில் ஒருநாள் விஜயபாண்டி கிட்டங்கிக்கே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஊர்க் கோயில் எல்லாவற்றிலும் அவர் பெயர் எழுதிய குழல்விளக்கு எரிகிறது.

"மதினி, நல்லாருக்கியளா?"

"வந்த விஷயத்தச் சொல்லுங்க தம்பி. பிள்ளைக தூங்குது."

"பொங்கலுக்குப் பொறவு துணி பேல் பேலா வருது. வைக்க எடமில்ல. இத எடுத்துக்கிடலாம்னு பாக்கேன். நம்ம கம்பெனிப் பிள்ளைகன்னாக்கூட யோசிக்கலாம்."

"பின்ன இதெல்லாம் யாரு பிள்ளைக?"

"காண்ட்ராக்டர் ஆளுக பிள்ளைக, மதினி."

"ஒங்க பேண்டேஜத்தான சுத்துறாளுக?"

"பேண்டேஜ் நம்மளுது. ஆளு அவன் ஆளு."

இந்த விளக்கத்தில் சட்டப்படி குறை கிடையாது. ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில், ஒரே துணியைச் சுற்றும் பெண்களில் நாலைந்து பேர்தான் கம்பெனி ஆட்கள். மற்றவர்கள் ஆள் பிடித்து அனுப்பும் காண்ட்ராக்டரின் கணக்கு. தினமும் எட்டு மணி நேரம் கண்ணெதிரே நிற்கும் ஆட்களை இல்லை என்று சொல்ல ஞானிகளுக்கு அடுத்தபடியாக முதலாளிகளால்தான் முடியும்.

"காலி செய்ய மாட்டேன்," என்றார் வெங்கடேஸ்வரி.

"எழுதியா கொடுத்திருக்கு? எங்கப்பா வாய்வார்த்தையா விட்டது."

"சின்ன மாமா வாய்வார்த்தையாத்தான் சொன்னாவ. நானும் வாய்வார்த்தையாத்தான் சொல்லுதேன். மாட்டேன்."

அன்று வீட்டில் பாண்டிதுரை மெல்லப் பேச்சை எடுத்தார். "ஏட்டி, அவன் என் தம்பி. கொஞ்சம் பாத்துப் பேசு."

"நீங்க பாருங்க. நான் பேசுதேன்."

அடுத்த வாரமே விஜயபாண்டி திரும்பி வந்தார். இந்த முறை கையில் ஆப்பிள் பை. வெளிநாட்டில் பேண்டேஜ் வாங்குபவர்களின் சார்பில் சனிக்கிழமை சென்னையிலிருந்து ஓர் அம்மையார் ஆய்வுக்கு வருகிறாராம். வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் உண்டா என்று பார்ப்பாராம். இல்லை என்றால் ஆர்டர் கிடையாது.

"மாடியில புது ரூம் போட்டிருக்கேன், மதினி. ஏசி. எல்லாப் பிள்ளைகளையும் அங்க கொண்டாந்திருங்க. நீங்களும் வந்து நில்லுங்க. பட்டுச்சேல நான் எடுத்துத் தாரேன்."

"காண்ட்ராக்டர் பிள்ளைகளையா?"

"அன்னைக்கு மட்டும் எல்லாம் நம்ம பிள்ளைக."

"சனிக்கெழம ஒங்க பிள்ளைக, ஞாயித்துக்கெழம அவன் பிள்ளைகளா? தெனமும்னா வாரேன். இந்தக் கிட்டங்கி இருக்கும், கடைசி ஷிப்டு விடுற வரைக்கும் தெறந்திருக்கும்னா வாரேன்."

"அது ஏலாது."

"அப்ப எனக்கும் ஏலாது. ஆப்பிள வச்சுட்டுப் போங்க, பிள்ளைக திங்கும்."

மதினி வரமாட்டார் என்றதும் விஜயபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்சரிப் பள்ளியிலிருந்து யுவராணி என்ற டீச்சரை ஒருநாளைக்கு வரவழைத்தார். பிள்ளைகளை வரவழைக்க அதைவிட எளிய வழி இருந்தது. சனிக்கிழமை காலை மாரிசெல்வி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டங்கி வாசலில் தலைகுனிந்து நின்றாள்.

"டீச்சர், பிள்ளைய மாடிக்குக் கொண்டாரணுமாம். கொண்டாராட்டி திங்கக்கெழம வேல இல்லைன்னு சூப்பர்வைசர் சொல்லுதாரு."

"கொண்டு போ. வேலைய விட்டுராத. வர மாட்டேன்னு சொன்னது நானு, நீ இல்ல."

கைப்பிள்ளைகளும் நடை பழகியவர்களும் மாடிக்குப் போனார்கள். பள்ளி விடுமுறை என்பதால் வந்திருந்த பெரிய பிள்ளைகளோடு வெங்கடேஸ்வரி கீழே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார். தலைக்கு மேலே வெறுந்தூளிகள் தொங்கின.

மாடி அறை அழகாகத்தான் இருந்தது. சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி. வரிசையாகக் குட்டிக் கட்டில்கள். தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று மதுரை ஆட்கள் வந்து போட்ட பொய்க்கூரை. பிள்ளைகள் கட்டிலில் ஏறி பஸ்ஸில் உட்கார்வதுபோல் முன்னால் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒருவன் யுவராணியிடம் டிக்கெட் கேட்டான். மதியம் வரை இந்தப் பயணம் நன்றாகவே போனது.

தூங்கும் நேரம் வந்ததும் மாரிசெல்வியின் மகள் முதலில் தொடங்கினாள். பக்கத்துக் கட்டில் சேர்ந்துகொண்டது. பிறகு எல்லாக் கட்டிலும். யுவராணி கைபேசியில் ஆங்கிலப் பாட்டு வைத்தாள். அழுகைக்கு அது பின்னணி இசையாக அமைந்தது. சத்தம் படியிறங்கி பேண்டேஜ் சுற்றும் இடத்துக்குப் போனது. தாய்மாருக்குத் தங்கள் பிள்ளையின் குரல் எது என்று தெரியும். ஒருத்தி கை நின்றது, அடுத்தவள் கை நின்றது. சற்று நேரத்தில் மேசைகளில் வேலையே நின்றது.

அந்த நேரம் பார்த்து விஜயபாண்டிக்குப் போன் வந்தது. ஆய்வு அம்மையாரின் கார் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிவிட்டது.

"சார், தூளி கட்டினா தூங்கிருவாங்க," என்றாள் யுவராணி. "இதுக கட்டில்லயே படுத்தது இல்ல போலருக்கு."

"கட்டு, கட்டு. எதுல வேணாலும் கட்டு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவு பெரிய அறையில் ஓர் உத்தரம் இல்லை, ஒரு கொக்கி இல்லை. நான்கு வயது வரை தூளியில் தூங்கிய மனிதர், தூளி கட்ட முடியாத பிள்ளைகள் அறை ஒன்றை லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டியிருந்தார். சூப்பர்வைசர் நம்பிக்கையிழக்காமல் நாற்காலியில் ஏறிக் கூரையைத் தட்டிப் பார்த்தார். ஒரு பலகை பெயர்ந்து அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

விஜயபாண்டி கிட்டங்கிக்கு ஓடிவந்தார்.

"மதினி, பிள்ளைக தூங்கல."

"தூங்காது."

"கீழ கொண்டாந்துரட்டுமா?"

"எங்கிட்ட இருந்து தூக்கிட்டுப் போனது நீங்க. கொண்டாந்து விடுறதுக்கு எதுக்கு உத்தரவு?"

"அந்தம்மாவும் இங்கதான் வருவாங்க. கம்பெனிக் காப்பகம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கேன்."

தாய்மார் ஆளுக்கொரு பிள்ளையாகச் சுமந்து வந்து அவரவர் சேலைக்குள் போட்டார்கள். பெரிய பிள்ளைகள் தூளிக்கு ஒருவராக நின்று ஆட்டத் தொடங்கினார்கள். இரண்டாம் வாய்ப்பாட்டில் அழுகை விம்மலானது. ஐந்தாம் வாய்ப்பாட்டில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஆய்வு அம்மையார் உள்ளே வந்தபோது ஏழெட்டு ஐம்பத்தாறு நடந்துகொண்டிருந்தது. மாரிசெல்வியின் மகள் வாயைத் திறந்தபடி உறங்கிப்போயிருந்தாள்.

அம்மையார் கெட்டிக்காரி. முதலில் தூளிகளைச் சந்தேகமாகப் பார்த்து, ஒரு கயிற்றைப் பலமாக இழுத்தார். "இதெல்லாம் யார் கட்டினது?"

"எங்க வீட்டுக்காரரு. ஒவ்வொண்ணுலயும் அவிய தொங்கிப் பாத்தாவ. நூறு கிலோ இருப்பாவ."

அம்மையார் சிரித்துவிட்டு விஜயபாண்டியின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் உங்க தொழிலாளர்களோட குழந்தைகளா?"

"எல்லாம் நம்ம கம்பெனிப் பிள்ளைகதான் மேடம். ஒண்ணு விடாம."

கதவோரம் நின்ற தாய்மார் இதைக் கேட்டுக்கொண்டார்கள். அம்மையார் அடுத்து வெங்கடேஸ்வரியிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். "எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

விஜயபாண்டியின் கண்கள் மதினியிடம் மன்றாடின. மதினி அவரைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"இப்ப ஆறு மணிக்குப் பூட்டிருவாவ. பொங்கலுக்குப் பொறவு மொத்தமாப் பூட்டப்போறாவ. இது பேல் வைக்கிற எடமாம்."

வாய்ப்பாடு நின்றது. தூளிகள் மட்டும் தானாக ஆடின.

"மதினி வெளையாட்டுக்குச் சொல்லுதாவ மேடம்."

"வெளையாட்டுக்கு இல்ல. தம்பி முடிவ மாத்திட்டாவன்னா இப்பவே சொல்லட்டும். நானும் மாத்திச் சொல்லுதேன்."

விஜயபாண்டி அம்மையாரைப் பார்த்தார். தூளிகளைப் பார்த்தார். கதவோரம் பார்த்தார், அங்கே யாரும் தலைகுனியவில்லை.

"பூட்டல மேடம். கடைசி ஷிப்டு விடுற வரைக்கும் தெறந்திருக்கும்."

"தெனமுமா, மொதலாளி?" என்றது ஒரு குரல். மாரிசெல்விதான். திங்கட்கிழமை வேலையை அந்த இரண்டு சொல்லில் பணயம் வைத்தது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"தெனமும்தான்," என்றார் விஜயபாண்டி. அம்மையார் கேட்டுக்கொண்டு நின்ற இடத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

கார் போனதும் அவர் வெடித்தார். "இத்தன பேருக்கு முன்னால என்னைய மாட்டி விட்டுட்டியள!"

"பேசுனது பூராம் நீங்க. நான் பக்கத்துலதான நின்னேன்."

மாரிசெல்வி திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை விடாமல் கம்பெனிப் பிள்ளை என்று முதலாளியே சொல்லிவிட்டபின் அந்தப் பிள்ளையின் தாயை யார் ஆள் என்று சொல்வது என்பதில் சூப்பர்வைசருக்குக் குழப்பம். இந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. பெண்கள் அதைத் தீர்க்க அவசரப்படவும் இல்லை. இப்போது கூலி உயர்வு கேட்கவும் முதலாளி சொன்ன அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஆர்டர் கிடைத்தது. காப்பகத்துக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று சென்னையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். விஜயபாண்டி தன் அப்பா பெயரைப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மதினி சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார்.

"தாராளமாப் போடுங்க. கொடுத்தது அவியதான? ஒங்க பேரையும் சேத்துப் போடுங்க. கீழ நேரத்தப் போடுங்க. கடைசி ஷிப்டு விடும் வரைன்னு."

பெயிண்டர் வந்து எழுதத் தொடங்கியதும் வெங்கடேஸ்வரி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பெயர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேரத்துக்கு வந்ததும் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று அழிக்கச் சொன்னார். மறுபடி எழுதியதையும் அழிக்கச் சொன்னார். விஜயபாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"எங்கப்பா பேர விட நேரம் பெருசா இருக்கே, மதினி. எதுக்கு அம்புட்டு பெருசு?"

"டவுன் பஸ்ஸுல போறவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"கிட்டங்கிதான் பின்னால கெடக்கே. பஸ்ஸுல இருந்து எப்படித் தெரியும்?"

"அதான் தம்பி," என்றார் வெங்கடேஸ்வரி, "போர்ட ஒங்க முன்வாசல்ல மாட்டச் சொல்லியிருக்கேன்."