கம்பிக் கருவோடு பொத்துவிலுக்கு

அலைச்சறுக்குக்கு அருகம்குடாவுக்குப் போகும் உங்களில் பலர் கிழக்கிலங்கையின் கல்முனை–பொத்துவில் வீதியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் அதில் முதன்முதலாகப் போனது எண்பதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை. அலை பார்க்க அல்ல. பொத்துவிலில் விலங்கியல் ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு. பதினொரு மணிக்குப் பேச எனக்கு இருபது நிமிடம்.

கலத்தின், அதாவது செல்லின், கருவுக்குள் இரண்டு மீற்றர் டி.என்.ஏ. எப்படிச் சிக்காமல் கிடக்கிறது என்பதுதான் பேச்சு. கருவின் உட்சுவரை ஒட்டி ஒரு புரத வலை இருக்கிறது, இழைகள் அதைப் பல இடங்களில் பற்றி நிற்கின்றன, கலம் பிரியும்போது வலை கழன்று மறுபடி கூடுகிறது என்பதெல்லாம் அப்போது புதுச் செய்தி. காட்டுவதற்குக் கோழிக்கூட்டுக் கம்பிவலையைப் பந்தாக வளைத்து, உள்ளே சிவப்பு, நீல மின்வயர்களைக் கட்டினேன். முதலில் கட்டிப் பார்த்த நூல் தொய்ந்துவிட்டது, வயர்தான் நின்றது. குண்டுகள் வெடித்த அந்தக் காலத்தில் அந்த வீதியில் வயர்ச் சுருளோடு போனால் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

காலை 6.15க்குக் கல்முனையில் பஸ். 7.20க்கு அக்கரைப்பற்று. அடுத்த பஸ் 8.30க்குத்தான் எடுத்தது. இரண்டுக்குமாகப் பன்னிரண்டு ரூபா. கூட வந்தவர் றவூப், எங்கள் பாடசாலையின் பௌதிக ஆசிரியர், தங்கச்சி வீட்டுக்குப் போகிறவர். அவருக்கு இருக்கை கிடைத்தது, பந்து அவர் மடியில். நான் நின்றேன்.

"சும்மா நில்லுங்க மச்சான். பத்துத் தரம் மணி பாத்திட்டீங்க," என்றார்.

கோமாரி ஊர் தாண்டி இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பந்தைக் கண்டதும் பின்வாங்கித் துவக்கை உயர்த்தினான்.

"இது யார்ட?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"என்ட சேர்," என்றார் றவூப்.

நான் வாய் திறக்கவில்லை. பந்தைத் தரையில் வைக்கச் சொல்லி, அவரை வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். மற்றப் பயணிகள் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் நடந்துபோய், "சேர், அது என்ட. அவர் புடிச்சிட்டு வந்தவர், அவ்வளவுதான்," என்றேன்.

"என்ன இது?"

"கரு. உயிருள்ள கலத்துக்குள்ள இருக்கிறது."

சிங்களம் தெரிந்த கொண்டக்டர் மொழிபெயர்த்தார். யாரும் நம்பவில்லை. நானே பிரித்துக் காட்ட வேண்டும் என்றார்கள்; அவர்கள் தள்ளி நின்றார்கள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். விரல் கிழிந்தது. வலை மட்டையாகி, வயரெல்லாம் மணலில் கிடந்தபோதுதான் றவூபை எழும்பவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பஸ்ஸில் கேட்டேன்: "ஏன் உங்கட எண்டு சொன்னீங்க?"

"மடியில வெச்சிருந்தது நான்தானே. என்ட இல்ல எண்டா நம்புவானா? நீங்க மேடைக்குப் போற ஆள்."

"மன்னிச்சிருங்க."

"அத உடுங்க," என்றார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

11.40க்குப் போய்ச் சேர்ந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் தந்தார்கள். வலையை ஒரு கையிலும் வயரை மறுகையிலும் பிடித்து நின்றேன். "வலை கழண்டா டி.என்.ஏ. என்னாகும் சேர்?" என்று ஒருவர் கேட்டார். "அழியாது. எது எங்க எண்ட ஒழுங்குதான் போயிரும்," என்றேன்.

இன்று அந்த வீதி நல்ல வீதி. சுமார் எழுபது கிலோமீற்றர், இரண்டு மணி நேரம் போதும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் கிளம்புங்கள். உங்கள் பொருளைக் கூட வருபவரின் மடியில் வைத்தால், "யார்ட?" என்று கேட்கும்போது முதலில் வாய் திறப்பவர் நீங்களாக இருங்கள்.