பஸ்ஸோடு முடிந்த படம்

எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒரே படம் நாலைந்து தடவை இருக்கும். அப்பா போர்வெல் வண்டியில் வேலை பார்த்தார். வண்டி வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அங்கே கைமாறிக் கைமாறி வரும் படங்களையெல்லாம் அந்த டிஸ்கில் ஏற்றிக்கொண்டு வருவார். முதலில் தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்தது வரும். கதாநாயகன் அழுதுகொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு தலை எழுந்து போகும். கொஞ்ச நாளில் அதே படம் தெளிவாக வரும். அப்புறம் வண்டியில் கூட இருக்கும் ஒடிசாப் பையன்களுக்காக இந்திக் குரலில் ஒன்று. எதையும் அழிக்க அப்பாவுக்கு மனசு வராது; வேண்டியதைத் தேடி எடுக்கவும் தெரியாது.

"நீதானே படிக்கிறவன். இதைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வையி" என்று டிஸ்கை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு முறை வண்டியேறிப் போனார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான்தான் என்பதால், அது எனக்குக் கலெக்டர் உத்தரவு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டேன். அதற்குள் 'தெளிவு', 'தியேட்டர்', 'இந்தி' என்று பெயர் மாற்றி அடுக்கினேன்.

ஒரு படம் மட்டும் அடங்கவில்லை. பழைய சி.டி.க்களிலிருந்து எடுத்தது. ஏ என்று ஒரு பாகமும் பி என்று ஒரு பாகமும் இருந்தன. சி இல்லை.

அது அத்தை பார்க்கிற படம். அத்தை அப்பாவின் தங்கை. பரமத்தி வேலூரில் கட்டிக் கொடுத்திருந்தது. மழைக்கு முன்னால் ஒரு நாள் காதோரம் பிளாஸ்திரியும் கையில் ஒரு பையுமாக வந்தவள் எங்களோடுதான் இருந்தாள். கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படம் ஓடும். புருஷனிடம் அடிபடுகிற ஒருத்தியின் கதை. இரண்டாம் பாகத்தின் கடைசியில் அவள் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருவாள். பஸ் நகரும், முகத்தில் காற்றடிக்கும், படம் நின்றுவிடும். "அவ்வளவுதான்" என்று சொல்லி அத்தை எழுந்து துணி துவைக்கப் போவாள்.

பாவம், படம் அங்கே முடியவில்லை என்பது அத்தைக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடையில் விசாரித்து, பென் டிரைவில் அந்த 'சி' பாகத்தை வாங்கி வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். வாழை இலை போட்டுச் சாப்பாடு நடந்தது. மாமா தலையைக் குனிந்தபடி, "கொடிக்கால்ல வெத்தலை கிள்ள ஆளே கெடைக்கறதில்லீங்க" என்றார்.

"ஆள்தான் வேணும்னா கூலிக்குச் சொல்லி உடுங்கண்ணா" என்றாள் அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே.

பெரியப்பா அம்மாவை முறைத்துவிட்டு அத்தையிடம் திரும்பினார். "முன்னயும் ரெண்டு தடவ வந்தே. ரெண்டு தடவையும் நான்தான் கொண்டுபோயி உட்டேன். போயி இருந்தயில்ல? இப்ப மட்டும் என்ன புதுசா?"

அத்தை எழுந்து சாப்பிட்ட இலைகளை எடுத்தாள். எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதுதான் சமயம் என்று பட்டது.

"அத்தை, உங்க படத்துக்கு மீதி கெடைச்சிருச்சு!" என்று டிவியில் பென் டிரைவைச் சொருகினேன்.

எல்லோரும் பார்த்தார்கள். பஸ்ஸில் போனவள் எங்கோ இறங்குகிறாள். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் என்று சேதி வருகிறது. அவள் ஓட்டமாக ஓடி வந்து அவன் காலில் விழுந்து அழுகிறாள். அவன் தலையைத் தடவிக் கொடுக்கிறான். மணியோசை, வணக்கம்.

பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தியா? பஸ் ஏறுனவளும் எறங்கி ஊடு வந்து சேந்துட்டா."

"இது அந்தப் படம் இல்லீங்கண்ணா" என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அதே படந்தானுங்க அத்தை. நல்லாப் பாருங்க, அதே சேலைதான் கட்டியிருக்குது."

"படிச்ச பையனே சொல்றான், கேட்டுக்கோ" என்றார் பெரியப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சேலை அதேதான் சாமி. ஆளு அது இல்ல." பிறகு மாமா பக்கம் திரும்பி, 'சோறு போதும்' என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்: "நீங்க கெளம்புங்க. வேலூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது. நான் வரலீங்க."

பெரியப்பா கத்தினார். அப்பாவுக்குப் போன் போட்டார். மத்தியப் பிரதேசத்தில் எங்கோ வண்டிச் சத்தத்துக்கு நடுவே அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு பெரியப்பாவுக்கு முன்னாலேயே தெருவில் இறங்கிவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மூணாவத தனியா எங்கியாச்சும் வெக்க முடியுமா சாமி? ரெண்டாவது முடிஞ்சதும் டிவி அதுவா அடுத்ததுக்குப் போயிருது பாரு. அப்படிப் போகாம வையி."

முடியும் என்றேன். வேறொரு ஃபோல்டர் போட்டால் போதும். ஆனாலும் மனசு கேட்காமல், "முழுசாப் பாத்தாத்தானுங்க அத்தை கதை புரியும்" என்றேன்.

"ரெண்டு தடவ முழுசாப் பாத்தாச்சு சாமி" என்றாள். "நல்லாவே புரிஞ்சுது." எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

இரண்டு தடவை பார்த்துமா கடைசிக் காட்சியை அடையாளம் தெரியவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தைக்கு மறதி வந்துவிட்டது போல. இனிமேலாவது குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று, அவள் பார்க்கிற இரண்டு பாகங்களின் பெயருக்குப் பக்கத்திலும் 'முழுப்படம் அல்ல' என்று தட்டி வைத்தேன்.