ஊசியைத் தடுத்த என் தங்கை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனை வார்டில் நடந்தது இது. இடுப்பு வலி தாங்காமல் என் கணவர் கட்டிலில் நெளிந்துகொண்டிருந்தார். சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று வலி ஊசி எழுதிக் கொடுத்துவிட்டு, டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார்.

தாதி ஊசியோடு வந்த நேரம், என் தங்கையும் வேகமாக உள்ளே வந்தாள். அவள் அங்கே மருந்தாளர். அந்த வார்டு அவள் பொறுப்பு. நம் ஆள் வந்துவிட்டாள், இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். அவளோ, "கொஞ்சம் இருங்க சிஸ்டர்" என்று ஊசியைத் தடுத்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"மனுஷன் துடிக்கிறாரு, நீ என்னடி விசாரணை பண்ணிக்கிட்டு?"

அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "மாமா, உண்மையைச் சொல்லுங்க. காலையிலேயே கிளினிக்ல ஊசி போட்டுக்கிட்டீங்கதானே?"

அவர் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஆட்களிடம் இது சகஜம். லீவு எடுக்க மனமில்லாமல், ஒரு வலி ஊசியைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டை முடித்துவிடுவார்கள். ஆனால் டாக்டர் கேட்டபோது, ஒன்றும் போடவில்லை என்று சாதித்தவர் இவர். இப்போது திருதிருவென்று விழித்தார்.

"போட்டேன்லா. சொன்னா இங்க ஊசி குடுக்க மாட்டாங்கன்னு பயம். நாலஞ்சு நாளா கடையில வாங்குன வலி மாத்திரையும் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

எல்லாமே ஒரே வகை மருந்து. வார்டில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது தெரிந்துதான் தங்கை ஓடி வந்திருக்கிறாள். அதற்கு மேல் இந்த ஊசியும் ஏறியிருந்தால் சிறுநீரகமே செயலிழந்திருக்கலாமாம். அவள் டாக்டரை அழைத்து, சிறுநீரகத்தைப் பாதிக்காத வேறொரு மருந்தைச் சொன்னாள். அவரும் நன்றி சொல்லி, உடனே மாற்றி எழுதினார்.

அந்த மருந்து வேலை செய்யும்வரை என் கணவர் அவளைத் திட்டாத திட்டு இல்லை. அவள் அசரவில்லை. "திட்டுங்க மாமா. வலி குறையிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்" என்றாள். சொன்னபடியே நின்றாள்.

வீடு திரும்பும் நாளில், "என் கொழுந்தியாதான் இந்த வார்டு மருந்தாளர்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் அவர் அளந்துகொண்டிருந்தார்.

கூடப்பிறந்த அக்காவே முறைத்து நின்றபோதும், அவருக்கு எது நல்லதோ அதை விட்டு இம்மியும் நகராமல் நின்றாளே, அவளை என் தங்கை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் அப்படியொரு கர்வம்.