பனியில் ஒரு டபுள்ஸ்

போன செவ்வாய்க்கிழமை காலைப் பனி எப்படி இருந்தது தெரியுமா? சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தால் முன் சக்கரம் தெரிந்தது. அதற்கு அப்பால் இலுப்பூரே இல்லை!

பக்கத்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் பார்மசிஸ்ட். தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். சித்திரையில் ஆரம்பித்தபோது எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள் – மார்கழி வரட்டும், தன்னால் பஸ் ஏறுவாள்.

அதை அதிகமாகச் சொன்னவர் எங்கள் மீனாள் சிஸ்டர். பிரசவம் பார்ப்பதில் கெட்டிக்காரர். பஸ் என்னைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலிலிருந்து கையாட்டிவிட்டுப் போவார். அந்தக் கையாட்டலில்தான் எத்தனை பரிதாபம்...

மார்கழியும் வந்தது. தலையில் மப்ளர். கையில் வீட்டுக்காரரின் பழைய சாக்ஸ் – ஆமாம், கையில்தான். பிரேக் கம்பி அப்படிச் சில்லிட்டுக் கிடக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மிதிப்பேன். ஆனால் பஸ் ஏறவில்லை. வீம்பு... வேறென்ன?

செவ்வாயன்று பாதி வழியில், பனிக்குள் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. கிட்டப் போனால் எங்கள் பஸ்! அதற்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் வேரோடு சாய்ந்து சாலையை அடைத்துக் கிடந்தது. இருபுறமும் மழைத் தண்ணீர் நிற்கும் பள்ளம். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் லாரி. அதைத் திருப்பவும் இடமில்லை.

மீனாள் சிஸ்டர் சாலையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன். சுகாதார நிலையத்தில் ஒரு பெண்ணுக்கு வலி முற்றிவிட்டதாம். நைட் டியூட்டி நர்ஸ் வேலைக்குப் புதிது. தனியாக ஒரு பிரசவமும் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் வேறொரு கேஸோடு புதுக்கோட்டை போயிருக்கிறது. நடந்து போகிற தூரமும் இல்லை.

“பின்னாடி ஏறுங்க சிஸ்டர்” என்றேன்.

“நான் கனமாச்சேக்கா... ஒங்களால முடியுமா?”

முடியுமா? எனக்கே தெரியாது. வாழ்க்கையில் நான் யாரையும் வைத்து டபுள்ஸ் மிதித்ததில்லை. “போய்க்கிட்டே பாத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டேன்.

கண்டக்டர் சைக்கிளைத் தூக்கிக் கிளைகளுக்கு மேலாகக் கொடுக்க, லாரி டிரைவர் அந்தப் பக்கம் வாங்கி இறக்கினார். சிஸ்டர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறிக் குதித்தார்.

முதல் மிதியிலேயே வண்டி ஆடிப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. காலை ஊன்றி நிறுத்தினேன். மறுபடி மிதித்தேன். இந்த முறை நகர்ந்தது... நேராகவே நகர்ந்தது!

சிஸ்டர் ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்திருந்தார். மறு கையில் போன். அந்தப் புது நர்ஸுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கண்மாய்க் கரை ஏற்றம் வந்தது. தொடை எரிந்தது. வாயைத் திறந்தால் மூச்சுக்குப் பதில் புகைதான் வந்தது. இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றிய நேரம், பின்னாலிருந்து குரல் – “பயப்படாதம்மா. விட்றாத. இன்னுங் கொஞ்சந்தான்.”

புது நர்ஸுக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா? யோசிக்க நேரமில்லை. எனக்கென்றே எடுத்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தேன். கரை உச்சி வந்தது. அப்புறம் இறக்கம்... பனி முகத்தில் அறைய, மணியடித்துக்கொண்டே இறங்கினோம். கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினேனோ என்னவோ.

வண்டி நிற்கும் முன்பே குதித்து உள்ளே ஓடினார் சிஸ்டர். நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். கையிலிருந்த சாக்ஸைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் அழுகை... தெம்பான, கோபமான, புத்தம் புது அழுகை.

நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம் வண்டியில் இன்னும் ஏறிப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான்.

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “பொம்பளப் புள்ளக்கா. மூணே கால் கிலோ.”

அந்த மூணே கால் கிலோவையும் நான்தான் ஏற்றம் ஏற்றிக் கொண்டுவந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் நம்பிவிடுங்கள்!