கேள்வி நேரம்

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் ஊர் வரலாற்று வட்டம் மாதந்தோறும் ஓர் உரை நடத்தும். அந்த மாதப் பேச்சாளரின் பெயரைப் பார்த்ததும் முன்வரிசைக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று என் அக்காவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளியவர் அவர். அக்கா தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாள், திரும்பவே இல்லை.

இப்போது ஓய்வுபெற்றுவிட்ட அந்த அதிகாரி, கண்டியிலிருந்து இந்தியா போன குடும்பங்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கேள்வி நேரம் வந்தது. பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, பேச்சாளர் ஒவ்வொரு கேள்வியையும் மைக்கில் திரும்பச் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

"சேர், ஓரெழுத்துப் பிழைக்காக எங்க அக்காவ நாட்ட விட்டே அனுப்பின அதிகாரி யாரு?"

அவர் மைக்கைப் பிடித்தார். "ஓரெழுத்துப் பிழைக்காக இவருடைய அக்காவை..." பிறகு, "நான்தான்" என்றார்.

அவருடைய நேர்மைக்குச் சபை கைதட்டியது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணைக்கேள்விக்கு உரிமை உண்டு என்று மறுபடி எழுந்தேன்.

"அவங்க பேராவது ஞாபகம் இருக்கா, சேர்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் கைதட்டவில்லை.

தேநீர் மேசையருகே வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அக்கா பேர் என்ன, தம்பி?"

"தெரியாமலே இருங்க" என்றேன்.

வீடு வரும்வரை அது இனித்தது. அவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் மண்டபம் நிறையச் சனம் இருந்தும், அக்காவின் பெயரை ஒருவருக்கும் சொல்லாமல் வந்தவன் நான். அவள் பெயர் பாக்கியம்.