பாதை இல்லை, துறையடிக்குப் போங்கள்

திருகோணமலை பஸ் நிலையத்தில் டைம்கீப்பராகப் பொறுப்பேற்றபோது என்னிடம் இரண்டு தகுதிகள் இருந்தன. ஒன்று, இஸ்திரி போட்ட சட்டை. மற்றது, எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லும் வாய். கடலைக் கண்டிராத வவுனியாக்காரன் நான்.

அது மாரிகாலம். கிண்ணியாவுக்கும் அதைத் தாண்டி மூதூருக்கும் இரண்டு வழிகள் உண்டு. நேரே துறையடிக்குப் போய், பஸ்ஸோடு மிதவையில் ஏறிக் கடலைக் கடக்கலாம். அல்லது தம்பலகாமத்தைச் சுற்றித் தரைவழியாகப் போகலாம். தம்பலகாமத்து ரோட்டை வெள்ளம் மூடும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மூடினால் நல்லது என்றுகூட ஒரு நப்பாசை இருந்தது. அப்போதுதானே என் நிர்வாகத் திறமை ஊருக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை, துறையடியில் நின்ற எங்கள் கண்டக்டர் டெலிபோனில் கத்தினார்.

“ஐயா, பாதை அறுந்து போச்சு. பஸ் ஒண்டும் போக ஏலாது...”

அத்தோடு லைன் செத்துவிட்டது. வெள்ளம் ரோட்டை அறுத்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன். உடனே கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘பாதை இல்லை. கிண்ணியா, மூதூர் பஸ்கள் எல்லாம் துறையடிக்கே போகும்.’

வாசித்தவர்கள் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு கலியாண பஸ் வந்து நின்றது. தலைப்பாகையும் கோட்டுமாக மாப்பிள்ளை உள்ளே இருந்தார். அவருடைய வாப்பா இறங்கி வந்து பலகையை இரண்டு தரம் வாசித்தார்.

“பாதை இல்லாட்டி துறையடிக்குப் போய் என்ன செய்ற?”

“பாதை இல்லாதபடியாத்தானே துறையடிக்கு அனுப்புறன்.”

“நாங்க தம்பலகாமத்தால சுத்திப் போறம். பின்னேரம் அசர் தொழுகை முடிஞ்ச கையோட நிக்காஹ். பிந்தினா பொண்ணு வீட்டாக்கள்ற முகத்தில முழிக்க ஏலாது.”

“அந்த எண்ணத்தை விடுங்கோ. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்ர பொறுப்பு.”

அவர் சற்று யோசித்தார். கடற்படைக்காரரிடம் நான் படகு கேட்டு வைத்திருப்பதாக எண்ணியிருக்க வேண்டும். “அப்ப நீங்களும் ஏறுங்க” என்றார். பெருமையோடு ஏறினேன்.

துறையடிக்குக் கிட்டவே போக முடியவில்லை. காலையிலிருந்து நான் அனுப்பிய பஸ்களெல்லாம் வரிசையாக நின்றன. இடையிடையே லொறிகள், மாட்டு வண்டிகள். எங்களுக்குப் பின்னாலும் இரண்டு பஸ்கள் வந்து அடைத்துக்கொண்டன. திருப்புவதற்கு இடமில்லை. இறங்கி நடந்து போய்க் கண்டக்டரைப் பிடித்தேன்.

“பாதை எங்க அறுந்தது?”

“அந்தா கிடக்கு.”

அவர் கைகாட்டிய இடத்தில், பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி இழுக்கிற பெரிய மிதவை, கம்பி அறுந்து அக்கரையில் ஒதுங்கிக் கிடந்தது. அதன் பெயர்தான் பாதை. அந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும்.

“அப்ப தம்பலகாமத்து ரோட்டு?”

“ரோட்டுக்கென்ன, ஐயா? அதால வந்த ட்ராக்டர் அக்கரையில நிக்குது.”

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். நான் டிரைவர்மாரைப் பார்த்து, “பின்னால எடுங்கோ” என்று கத்தினேன். அவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அக்கரையில் ஒருவர் குடை பிடித்தபடி அசையாமல் நின்றார். “பொண்ணுட வாப்பா. மத்தியானம் லுகர் தொழுததில இருந்து நிக்கிறார்” என்றார் கண்டக்டர். கடல் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவர் முகம் தெரியாமல் இருந்திருக்கும். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மீன் இறக்கிக்கொண்டிருந்த தோணிக்காரர்களிடம் போய்க் கெஞ்சினேன். பலகையின் கதை எனக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. சிரித்து முடித்த பிறகுதான் தோணியைத் தள்ளினார்கள். மாப்பிள்ளை தலைப்பாகையை ஒரு கையாலும் மூக்கை மறு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மெல்ல நழுவப் பார்த்தேன். அவருடைய வாப்பா என் சட்டையைப் பிடித்தார்.

“பொறுப்பெண்டு சொன்னீங்களே, ஏறுங்க.”

எனக்கு நீந்தத் தெரியாது. ஏறினேன். நடுவழியில் அக்கரைப் பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிவதற்குள் கரை சேர்ந்துவிட்டோம்.

குடைக்காரர் முதலில் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவினார். பிறகு என்னிடம் வந்தார். நான் பாதை, ரோட்டு என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“கதையை விடுங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். “ஆனா ஒரு உதவி. எங்கட மகளுக்குப் பிள்ளை கிடைக்கிற மாசம், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். அப்ப மட்டும் நீங்க லீவு எடுத்திருங்க.”

அடுத்த வருடம் மறக்காமல் ஆள் அனுப்பினார். லீவு எடுத்தேன்.